வீட்டுக்காரர் பன்னிரண்டு சக்கர லாரிக்குப் போகிறார்: எதற்குப் பயப்பட வேண்டும்?

கடையம் மருமகள் | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக்காரர் எட்டு வருடமாகக் குட்டி யானை ஓட்டுகிறார். பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிச் சுற்றுப்பட்டுக் கடைகளுக்குப் போடுவார். மதியம் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார். போன வருடம் ஹெவி லைசென்ஸ் எடுத்தார். இப்போது தெரிந்தவர் ஒருவர் பன்னிரண்டு சக்கர லாரிக்குக் கூப்பிடுகிறார். சில நாள் தூத்துக்குடி துறைமுக லோடு, சில நாள் புளியரை வழியாகக் கொல்லம் பக்கம். மாதச் சம்பளம் கிடையாது, ட்ரிப் கணக்குத்தான்.

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடன் இருக்கிறது. ஆனால் எதைக் கேட்டுவிட்டுச் சேர வேண்டும், எதற்கு உண்மையிலேயே பயப்பட வேண்டும் என்று தெரியவில்லை. ஓட்டியவர்கள் யாராவது சொல்லுங்கள். "சாமி பார்த்துக்கொள்ளும்" என்ற பதில் மட்டும் வேண்டாம், அதைச் சொல்ல வீட்டில் மாமியார் இருக்கிறார்.

பழைய டாரஸ் | ஞாயிறு, இரவு 10.25

தாயி, 31 வருடம் ஓட்டிவிட்டு இறங்கியவன் நான். என் கால் ஒன்று கொஞ்சம் கட்டை. ரோட்டில் உடைந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வண்டி நின்றுகொண்டிருந்தபோது உடைந்த கால் அது. சிமெண்ட் லோடு, மழை வருகிற மாதிரி இருந்தது. மேலே ஏறித் தார்ப்பாய் போட்டுக் கயிற்றை உடம்பு முழுக்கக் கொடுத்து இழுத்தேன். கயிறு பழசு, அறுந்தது. பின்பக்கமாக விழுந்தேன். ஆறு மாதம் வீட்டில். லாரித் தொழிலில் முக்கால்வாசி அடி ரோட்டில்தான் விழுகிறது என்று நினைக்காதே. தார்ப்பாய், பின்கதவு, டயர், கேபினிலிருந்து குதிப்பது, இவையும் ஆளை முடக்கும். புதுக் கயிறு கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம் என்று அவரிடம் சொல்.

ஆனால் நீ கேட்டது பயத்தைப் பற்றி. எனக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான், தூக்கம். குடித்துவிட்டு ஓட்டுகிறவனை ஊரே திட்டும். தூங்காமல் ஓட்டுகிறவனை "நல்ல உழைப்பாளி" என்பார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தால், ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் சாராயம் இருக்கிற ஆள் மாதிரி கையும் கண்ணும் மந்தமாகிவிடும் என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். நம் நாட்டுச் சட்டம் 30 மில்லிகிராமிலேயே கேஸ் போடுகிறது. அப்படிப் பார்த்தால் நானெல்லாம் பாதி வாழ்க்கை கேஸ் இல்லாத குடிகாரனாகத்தான் ஓட்டியிருக்கிறேன்.

ராத்திரி மணி இரண்டிலிருந்து ஐந்து வரை உடம்பு யார் சொன்னாலும் கேட்காது. கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டான். 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு விநாடி அப்படிப் போனால் வண்டி கிட்டத்தட்ட 90 மீட்டர் தானாக ஓடியிருக்கும். கயத்தாறு தாண்டி ஒருநாள் எனக்கு அப்படி நடந்தது. முழித்துப் பார்த்தால் சென்டர் மீடியன் அரளிச்செடி கண்ணாடியை உரசிக்கொண்டிருக்கிறது. எப்போது அங்கே போனேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடையம் மருமகள் | ஞாயிறு, இரவு 10.41

அண்ணாச்சி, அப்படியென்றால் நான் மணிக்கு ஒருதரம் போன் போட்டு முழிக்க வைக்கவா?

பழைய டாரஸ் | ஞாயிறு, இரவு 10.44

அந்தத் தப்பை மட்டும் செய்துவிடாதே. தூக்கத்தில் இருப்பவனுக்குப் போன் அடித்தால் அவன் அதைத் தேடக் குனிவான். தூக்கம் வந்தால் மருந்து தூக்கம்தான். ஓரமாக, ரோட்டை விட்டு நன்றாக இறக்கி நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் கண்ணை மூட வேண்டும். டீ வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும், அதற்குள் குட்டித் தூக்கமும் முடிந்துவிடும். ராத்திரி போலீஸ்காரர்கள் நிறுத்தி முகம் கழுவச் சொல்வார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் தண்ணீர் பத்து நிமிடத்துக்குத்தான் தாங்கும். பான்பராக், மிளகாய், சத்தமாகப் பாட்டு, எல்லாம் நான் பார்த்துவிட்டேன்.

ஆழ்வார்குறிச்சி சுந்தரி | திங்கள், காலை 6.10

ஆரியங்காவு ஐயப்பனுக்கு ஒரு ரூபாய் போட்டுவிட்டு இறங்கினால் ஒன்றும் ஆகாது. எங்கள் அப்பா அப்படித்தான்.

புளியரை ராத்திரி | திங்கள், காலை 7.30

ஐயப்பனுக்கும் போடட்டும், கூடவே செகண்ட் கியரும் போடட்டும்.

நான் பத்து வருடமாக இந்த ரூட்டில் காய்கறி அடிக்கிறேன். புளியரை எஸ் வளைவு ஏற்றத்தைப் பார்த்துத்தான் புது டிரைவர்கள் பயப்படுவார்கள். ஏற்றம் ஒன்றும் செய்யாது, வண்டி முனகும், அவ்வளவுதான். ஆளை அடிப்பது ஆரியங்காவு தாண்டித் தென்மலை வரை உள்ள இறக்கம். லோடோடு இறங்குகிறோம் இல்லையா. ஒரே மேட்டை ஏற எந்தக் கியர் வேண்டுமோ, இறங்கவும் அதே கியர்தான். இதைப் பழைய ஆட்கள் எல்லோரும் சொல்வார்கள், பாதிப் பேர் செய்ய மாட்டார்கள்.

ஏன் என்றால் டீசல். ட்ரிப்புக்கு இத்தனை லிட்டர் என்று அளந்து கொடுப்பார்கள். மிச்சம் பிடித்தால் டிரைவருக்கு. அதனால் இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிற பழக்கம். சிலர் இன்ஜினையே அணைத்துவிடுவார்கள். வண்டி தன் பாரத்தாலேயே ஓடும். அப்போது வண்டியைப் பிடித்து வைக்க இன்ஜின் இல்லை, எல்லாப் பாரமும் பிரேக்கில். பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தால் டிரம்மும் லைனிங்கும் சூடாகி, அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. கருகிய வாடை வரும்போதே தாமதம். இன்ஜின் அணைந்திருந்தால் பிரேக்குக்குக் காற்று கொடுக்கிற கம்ப்ரெசரும் ஓடாது, டாங்கியில் ஏர் இறங்கிக்கொண்டே வரும். ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். நாற்பது ரூபாய் டீசலுக்கு இவ்வளவும்.

காய்கறி லோடில் இன்னொரு வம்பு உண்டு. விடிவதற்குள் சந்தைக்குப் போகாவிட்டால் சரக்கு விலை விழுந்துவிடும். ஏற்றி முடிக்கவே ராத்திரி ஆகிவிடும். அதனால் மலையில் ஏறி இறங்குகிற நேரமும், டாரஸ் அண்ணாச்சி சொன்ன இரண்டிலிருந்து ஐந்து மணி வரை உள்ள நேரமும் ஒன்றாகத்தான் வரும். அதை யாரும் மாற்ற முடியாது. பகலில் தூங்கிவிட்டுக் கிளம்புகிறாரா என்று மட்டும் பாருங்கள். மதியம் வீட்டுக்கு வந்தால் "இதை வாங்கி வாங்க, அதைக் கட்டி வாங்க" என்று அனுப்பாதீர்கள் அக்கா. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கடையம் மருமகள் | திங்கள், காலை 8.05

கோபம் இல்லை தம்பி. அனுப்புகிறவள்தான் நான்.

ரெண்டு லாரி முதலாளி | திங்கள், பகல் 11.50

எல்லாப் பழியும் முதலாளி தலையில் விழும் முன்பு நானும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டு வண்டி. ஒன்று பேங்க் பெயரில் ஓடுகிறது, ஒன்றுதான் என் பெயரில். "ராத்திரி ஓட்டாதே, தூங்கிவிட்டுப் போ" என்று நானும் சொல்கிறேன். ஆனால் துறைமுக லோடு எப்படி என்று வெளியாட்களுக்குத் தெரியாது. காலையில் போய் வரிசையில் நிற்பான். இருபது நிமிடத்துக்கு ஒருதரம் வண்டி ஒரு வண்டி நீளம் நகரும். தூங்கினால் பின்னால் இருப்பவன் ஹாரன் அடிப்பான், முந்துவான். பகல் முழுக்க ஓட்டவும் இல்லை, தூங்கவும் இல்லை. ராத்திரி எட்டு மணிக்குச் சரக்கு ஏற்றிக் கையில் பில் கொடுத்து "காலையில் இறக்க வேண்டும்" என்பார்கள். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு எனக்கும் வாடகை கிடையாது, அவனுக்கும் பேட்டா கிடையாது.

அதனால் தங்கச்சி, முதலாளியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "ட்ரிப்புக்கு எவ்வளவு" என்பது இல்லை. "காத்திருக்கிற நாளுக்கு எவ்வளவு" என்று கேளுங்கள். அதற்குப் பதில் வைத்திருக்கிற முதலாளி ஓரளவு நல்லவர்.

பழைய டாரஸ் | திங்கள், பகல் 12.30

முதலாளி சொன்னது சரி. இப்படி வெளிப்படையாகப் பேசுகிற முதலாளியை நான் கம்மியாகத்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஓவர்லோடைப் பற்றி வாயே திறக்கவில்லையே வே.

ரெண்டு லாரி முதலாளி | திங்கள், மாலை 4.15

திறக்கிறேன். 2018-ல் அரசாங்கமே எடையை ஏற்றிக் கொடுத்தது, நான்கு டயர் உள்ள ஒற்றை ஆக்சிலுக்கு 10.2 டன் என்று இருந்தது 11.5 ஆனது. ஏற்றிக் கொடுத்ததும் வாடகை கூடும் என்று நினைத்தோம். டன் வாடகைதான் இறங்கியது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000. நான் ஏற்றுவதில்லை. ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், ஜல்லி, எம் சாண்ட் வண்டிகளைப் பார்த்தாலே தெரியும். அபராதத்தையும் செலவுக் கணக்கில் எழுதிவிடுவார்கள். பிரேக்குக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் அந்தக் கணக்கு தெரியாது.

தச்சநல்லூர் ஒர்க்‌ஷாப் | திங்கள், இரவு 8.20

வண்டியைப் பார்க்காமல் வேலையில் சேரச் சொல்லாதீர்கள். எப்.சி., அதாவது வண்டித் தகுதிச் சான்று, இருக்கிறது என்று காகிதத்தைக் காட்டுவார்கள். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எப்.சி. எடுக்க வேண்டும். எப்.சி.க்கு என்றே நல்ல டயர் மாட்டி, காட்டிவிட்டு, மறுநாள் கழற்றுகிற கூத்தையும் நான் பார்த்திருக்கிறேன். அதனால் காகிதம் ஒருபக்கம் இருக்கட்டும்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஏர் முழுசாக ஏறியதும் அணைத்துவிட்டு, பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டு மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். முள் இறங்கிக்கொண்டே வந்தால் எங்கோ கசிவு. ஏர் டாங்கிக்கு அடியில் உள்ள வால்வைத் திறந்தால் தண்ணீர் கொட்டினால் பல நாளாக யாரும் வடிக்கவில்லை என்று அர்த்தம். எக்சாஸ்ட் பிரேக், அதாவது இன்ஜின் புகையை அடைத்து வண்டி வேகத்தைப் பிடிக்கிற பிரேக், வேலை செய்கிறதா பார்க்க வேண்டும். பல வண்டிகளில் சுவிட்ச் இருக்கும், உள்ளே ஒன்றும் நடக்காது. கொல்லம் ரூட்டுக்கு அது இல்லாமல் போகவே கூடாது என்பேன். முன்னால் ரீட்ரெட் டயர், அதாவது தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டியது, இருந்தால் வண்டியை எடுக்க மாட்டேன் என்று சொல்லட்டும். பின்னால் வெடித்தால் வண்டி ஆடும், முன்னால் வெடித்தால் ஸ்டியரிங் கையை விட்டுப் போகும்.

பஞ்சர் கடையில் நிற்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய மாடல் சக்கரத்தில் டயரை ரிம்மில் பிடித்து வைக்கிற லாக் ரிங் உண்டு. காற்று அடிக்கும்போது அந்த ரிங் சரியாக உட்காராமல் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். என் கடையில் வேலை கற்றுக்கொண்ட பையன் வேறு ஊரில் கடை போட்டான், அவனுக்குத் தாடை போய்விட்டது. இரும்புக் கூண்டில் வைத்துக் காற்று அடிக்க வேண்டும். கூண்டு இல்லாத கடை என்றால் டிரைவர் எதிரே நின்று கதை பேசாமல் டீக்கடைக்குப் போய்விட வேண்டும்.

கங்கைகொண்டான் சிப்காட் | திங்கள், இரவு 9.05

நம் பக்கத்து ரோட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கங்கைகொண்டானில் 2013-லிருந்து மான் சரணாலயம் இருக்கிறது, பக்கத்திலேயே நான்குவழிச் சாலை. புள்ளிமான் ஒன்று குறுக்கே போனால் பின்னால் இன்னும் மூன்று வரும் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். மானுக்காக ஸ்டியரிங்கை ஒடித்துக் கவிழ்ந்தவர்கள் உண்டு. பாவம்தான், ஆனால் நேராகப் பிரேக் பிடிப்பதுதான் வழி.

ஆனி, ஆடியில் காவல்கிணறு தாண்டினால் காற்று. முப்பந்தலில் அத்தனை காற்றாலை ஏன் நிற்கிறது? காலி வண்டியைத்தான் அது பிடிக்கும், அதுவும் உயரப் பாடி கட்டிய வண்டி என்றால் பக்கத்து லேனுக்குத் தள்ளும். பைக்காரனை ஒட்டி ஓவர்டேக் செய்யக் கூடாத இடம் அது.

தைப்பூசத்துக்கு முன்னால் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள் ராத்திரி ரோட்டோரம் போவார்கள். பச்சை வேட்டி இருட்டில் தெரியாது. முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள், எல்லோருக்கும் இருக்காது. அந்த நாட்களில் அந்த ரூட் வேண்டாம் என்று சொல்ல முடிந்தால் சொல்லட்டும்.

2023 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கிறதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தூத்துக்குடி பக்கம் லாரிகள் நடுரோட்டில் நாள் கணக்கில் நின்றன. நின்றவர்கள் பிழைத்தார்கள். "பெரிய வண்டி, போய்விடலாம்" என்று தண்ணீருக்குள் விடக் கூடாது. தண்ணீருக்கு அடியில் ரோடு இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்?

பாளையங்கோட்டை குமாஸ்தா | செவ்வாய், காலை 10.15

வக்கீல் ஆபீசில் விபத்து கேஸ் எழுதுகிறவன். எனக்கு டயரெல்லாம் தெரியாது, காகிதம் தெரியும். சேருவதற்கு முன் இன்சூரன்ஸ் காப்பியை வாங்கிப் பாருங்கள். சம்பள டிரைவருக்கான பொறுப்பு அதில் சேர்ந்திருக்க வேண்டும், கிளீனர் உண்டென்றால் அவருக்கும் சேர்த்து. "ஓனர் டிரைவர் 15 லட்சம்" என்று போட்டிருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள், அது வண்டிக்காரருக்கு, உங்கள் வீட்டுக்காரருக்கு இல்லை. வேலை நேரத்தில் டிரைவருக்கு ஏதாவது ஆனால் சட்டப்படி இழப்பீடு கேட்கலாம். அதற்கு இவர் அந்த முதலாளியிடம் வேலை பார்த்தார் என்று காட்ட வேண்டும். ட்ரிப் கணக்கு என்பதால் பாதிக் கேஸில் இங்கேதான் தடுமாறுகிறோம். சம்பளத்தைக் கையில் வாங்காமல் பேங்கில் போடச் சொல்லுங்கள். ட்ரிப் சீட்டைப் போட்டோ எடுத்து உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

வழியில் யாரையும் ஏற்றக் கூடாது. பரிதாபப்பட்டு ஏற்றிய ஆளுக்குச் சரக்கு வண்டி இன்சூரன்ஸ் பணம் தராது. டிரைவர் லைசென்ஸ் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், ஒருநாள் தாண்டினாலும் கம்பெனி அதைத்தான் முதலில் பிடிக்கும். ஓட்டுநர்களுக்கு நல வாரியம் இருக்கிறது, பதிந்துகொள்ளட்டும்.

1961-ல் மோட்டார் தொழிலாளர்களுக்கு என்று போட்ட சட்டத்தில் எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்றெல்லாம் எழுதியிருந்தது. ஆனால் ஐந்து பேராவது வேலை பார்த்த இடத்துக்குத்தான் அது இருந்தது. இரண்டு லாரி வைத்திருப்பவர் எங்கே வந்தார்?

சுரண்டை டிப்பர் | செவ்வாய், பகல் 1.40

இடித்துவிட்டால் நிற்பதா, ஓடுவதா? யாரும் பேச மாட்டேன் என்கிறீர்கள். நின்றால் ஊர் அடிக்கும். ஓடினால் பத்து வருடம் என்கிறார்கள்.

பாளையங்கோட்டை குமாஸ்தா | செவ்வாய், பகல் 2.20

அந்தப் பத்து வருடப் பிரிவு, புதுக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 106(2), இன்னும் அமலுக்கு வரவில்லை என்றுதான் நான் கடைசியாகப் பார்த்தது. 2024 ஜனவரியில் லாரிகள் ஸ்டிரைக்கில் நின்றதும் தள்ளி வைத்தார்கள், அந்த ஜூலையில் மற்றப் பிரிவுகள் வந்தபோதும் இதை மட்டும் விட்டுவிட்டார்கள். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-வது பிரிவு முன்பே இருக்கிறது. அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், போலீசுக்குச் சொல்ல வேண்டும். கூட்டம் அடிக்க வந்தால் அந்த இடத்தில் நிற்கத் தேவையில்லை என்பதற்கு அதிலேயே இடம் இருக்கிறது. 108-க்குக் கூப்பிட்டுவிட்டு, பக்கத்து ஸ்டேஷனுக்கு நேராகப் போய் நில்லுங்கள். வீட்டுக்குப் போகாதீர்கள். போன் செய்த நேரம் பதிவில் இருக்கும், அது கோர்ட்டில் பேசும்.

அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கிறது, 2021 கடைசியில் வந்தது. "பணம் யார் கட்டுவது" என்று பயந்து யாரும் ஓட வேண்டியதில்லை.

கிளீனர் மகன் | செவ்வாய், இரவு 10.50

என் அப்பா கடைசி வரை கிளீனர். பெயர் எங்கும் இருக்காது, லைசென்ஸும் இல்லை. நள்ளிரவில் வண்டி ரிப்பேர் ஆனால் பின்னால் போய்க் கல் வைத்து, கிளை ஒடித்துப் போடுவது அவர் வேலை. வள்ளியூர் பக்கம் அப்படிக் கிளை போடப் போனவர்தான். பின்னால் வந்த வண்டியும் லாரிதான்.

இப்போது யாரும் கிளீனர் வைப்பதில்லை, டிரைவர் ஒரே ஆள். அதனால் ரிப்பேர் ஆனால் நீங்களே இறங்கிப் போவீர்கள் அண்ணே. இறங்கும் முன் ஒளிரும் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். முக்கோணத்தை ஐம்பது மீட்டராவது பின்னால் வையுங்கள், வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள், முதுகைக் காட்டாதீர்கள். வைத்துவிட்டு வண்டிக்கு அருகில் நிற்காமல் ரோட்டை விட்டு இறங்கிவிடுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. அப்புறம் ஒன்று, வண்டி சரியானதும் வைத்த கல்லை எடுத்துவிட்டுப் போங்கள். பாதிப் பேர் அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். அடுத்து வரும் பைக்காரனுக்கு அது தெரியாது.

பழைய டாரஸ் | செவ்வாய், இரவு 11.02

தம்பி, உன் அப்பாவை எனக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. கல்லை எடுக்காமல் போனவர்களில் நானும் உண்டு.

கடையம் மருமகள் | சனி, இரவு 8.30

நான்கு நாளாக எழுத முடியவில்லை. முதலாளியைப் போய்ப் பார்த்தோம். நானும் போனேன், அது அவருக்குப் பிடிக்கவில்லை, "வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான்" என்று ஷெட்டில் சிரித்தார்கள். பரவாயில்லை.

காத்திருக்கும் நாளுக்குப் பாதிப் பேட்டா தருகிறேன் என்றார், எழுதிக் கொடுக்கவில்லை. சம்பளம் பேங்கில் போட ஒத்துக்கொண்டார். இன்சூரன்ஸில் சம்பள டிரைவர் இருக்கிறது, பார்த்துவிட்டேன். டீசல் மிச்சம் டிரைவருக்கு என்பதை எடுத்துவிடச் சொன்னேன். முதலாளி சரி என்றார், எங்கள் வீட்டுக்காரர்தான் முறைத்தார். வாசலுக்கு வந்ததும் ஒரு சண்டை. ஏர் பார்த்தார், முள் நின்றது. எக்சாஸ்ட் பிரேக் வேலை செய்கிறது. முன் டயர் ஒன்று மாற்றித் தருகிறார்கள். சீட் பெல்ட்தான் வெட்டிக் கிடக்கிறது, "லாரியில் யார் போடுகிறார்கள்" என்றுவிட்டார்.

நேற்று மதியம் தூங்கினார். நான் பிள்ளைகளை எதிர்வீட்டில் விட்டேன். ராத்திரி முதல் ட்ரிப், கொல்லம். இரண்டரை மணிக்கு "தென்மலை, ஓரம் கட்டிட்டேன், தூங்கறேன்" என்று ஒரு மெசேஜ். பதில் போடக் கை போனது, போடவில்லை.

தச்சநல்லூர் ஒர்க்‌ஷாப் | சனி, இரவு 9.10

அந்த மாடலுக்குப் பெல்ட் என்னிடம் பழையது ஒன்று கிடக்கிறது, நல்ல கண்டிஷன். திங்கட்கிழமை காலி வண்டியாக இந்தப் பக்கம் வந்தால் மாட்டித் தருகிறேன். கேபின் கவிழும்போது ஆளை வெளியே எறிந்துவிட்டு அவன் மேலேயே விழும், அதனால்தான் சொல்கிறேன். முதலாளியிடம் கேட்க வேண்டாம்.